பத்திலிருந்து ஒன்று வரை சும்மா

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ அனுப்பிய கால அட்டவணை வந்து சேர்ந்தது. போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் நாற்பது நர்சுகளுக்கு டியூட்டி போடுகிறவள், எனக்கும் ஒன்று போட்டிருக்கிறாய். சந்தோஷம். அப்பாவின் மாத்திரைக்குப் பச்சை, சமையலுக்கு மஞ்சள், துணிக்கு நீலம். இருபத்தைந்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு. அதற்கு மணி அடிக்க ஒரு கடிகாரம் வேறு. நேற்று முதல் மணி அடித்ததும் அப்பா, "வாசல்ல யாரோ வந்திருக்காங்க, பாரும்மா" என்றார். கதவைத் திறந்து, யாரும் இல்லை என்று அவரை நம்ப வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்த மணி அடித்தது.

கடைசிப் பத்தியின் தலைப்பு 'பொருப்பு' என்று இருக்கிறது. பொருப்பு என்றால் மலை, தெரியுமா? வல்லின 'ற' போட்டால்தான் நீ நினைத்த பொருள் வரும். புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

இரண்டாவதாகப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். காலை பத்திலிருந்து ஒன்று வரை 'சும்மா' என்று எழுதியிருக்கிறாய். அதுதான் என் வேலை நேரம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 10, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்துப் பிழையை மன்னித்துவிடு. 'சும்மா' என்றதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. நீ வீட்டில்தானே இருக்கிறாய், அந்த நேரத்தில் தலைபோகிற காரியம் எதுவும் இருக்காது என்று நினைத்தேன். வேலைகளை முதலிலேயே பிரித்து வைத்தால் எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கும். என் வார்டில் கிடைக்கிறதே! நீ ஒன்றும் இல்லாததற்கெல்லாம் அலுத்துக்கொள்கிறாய்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அப்பாவுக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அழைத்துப் போய்விடு. உனக்குத் தோதான நேரம்தானே.

உன் தங்கை


ஏப்ரல் 3, வியாழன்

சின்னவளுக்கு,

கண் டாக்டரிடம் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அன்றே திருத்திக் கொடுக்க வேண்டிய மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை மாலையில்தான் கையில் எடுத்தேன். நடுவில், சொட்டு மருந்து போட்டாயா என்று கேட்டு நீ நான்கு முறை போன் செய்தாய். இப்போது புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில், 'குழந்தைகள் தினமும் பல்லிக்குச் செல்ல வேண்டும்' என்று இருக்கிறது.

நீ சிரிப்பாய். அப்பாகூடச் சிரித்தார். பதிப்பாளர் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷமா நீங்க பார்த்துட்டா நான் திருப்பிக்கூடப் பார்க்காம அச்சுக்கு அனுப்புவேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்மா" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினாறு கட்டம், பதினாறுக்கும் நேராக 'அக்கா'. உன் வார்டில் ஒரே நர்சுக்கு மூன்று ஷிஃப்டும் போடுவாயா? போட்டால் அவள் உன்னைச் சும்மா விடுவாளா? எனக்கு நேரத்தைப் பங்கு போடத் தெரியாமல் இல்லையடி. பங்குக்கு வர ஆள்தான் இல்லை.

இந்த வேலையும் போய்விட்டால் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அட்டவணையைத் திருப்பி அனுப்புகிறேன், கடிகாரத்தையும்.

அக்கா


ஏப்ரல் 9, புதன்

அக்கா,

உன் கடிதத்தை டியூட்டி அறையில் நின்றபடியே படித்தேன். கோபம்தான் வந்தது. 'நானும் வேலைக்குத்தானே போகிறேன்' என்று பதில் எழுத ஆரம்பித்தேன். 'நானும்' என்று எழுதிய பிறகு பேனா நகரவில்லை. இத்தனை வருஷமாக 'நான் வேலைக்குப் போகிறேன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன், உன்னுடையதும் வேலை என்று நினைத்ததே இல்லை.

இதோடு புது அட்டவணை இருக்கிறது. வார்டில் நிரப்புகிற அதே படிவம், இரண்டு பேருக்கு. வார விடுமுறையைப் புதனுக்கும் சனிக்கும் மாற்றி வாங்கிவிட்டேன். வரும் சனியிலிருந்து அந்த இரண்டு நாளும் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாளில் பத்திலிருந்து ஒன்று வரை நான் போன் செய்தால் எடுக்காதே. அந்த நேரத்தில் ஏதாவது வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்யும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், கடிகாரம் இங்கே வந்த பிறகும் வாசலில் யார் என்று கேட்டு.

தலைப்பில் 'பொருப்பு' என்றே எழுதியிருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுக்காதே, இந்த முறை தெரிந்துதான் எழுதினேன். மலைதான் அது. நீ தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றாய், நான் அதற்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வருகிறேன். நீ உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்.

தங்கை