உன் மூச்சே அளவு

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். தொண்டையில் துளை, துளையில் குழாய், மறுமுனையில் வென்டிலேட்டர். போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். குழாயில் சளி களகளத்தால் நான்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். நர்ஸ் இரண்டு தடவை செய்து காட்டினாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கல்லூரியில் உடலியல் நடத்துகிறவள் நீ. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

கையை நன்றாகக் கழுவு. களகளப்பு கேட்டால் மட்டும் செய். முதலில் ஆக்சிஜனைக் கூட்டு. மெல்லிய குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சாதே, வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சு. அந்த நேரம் அவருக்கு மூச்சு கிடையாது. ஆகவே நீயும் உன் மூச்சை அடக்கிக்கொள். உனக்கு முட்டினால் அவருக்கும் முட்டும், உடனே எடுத்துவிடு. கடிகாரம் தேவையில்லை.

எனக்கு ஆறுதல் எழுத வராது. தெரிந்ததுதானே.

தங்கை

ஏப்ரல் 2

கண்ணே,

நீ சொன்னபடியே செய்கிறேன். பயம் போய்விட்டது. நேற்று அத்தான் சிலேட்டில், "என்ன, கிணத்துக்குத் தூர் வார்றியா?" என்று எழுதினார். "வாய மூடிட்டு இருங்க" என்றேன், பேச முடியாத மனுஷனிடம்! இருவரும் சிரித்தோம். ஒவ்வொரு தடவையும் உதடு நீலமாகிறது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் எழுபதுக்கு இறங்கி, பிறகு ஏறுகிறது. இது சகஜம்தானே?

உன் அக்கா

ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

உன் பதில் வருவதற்குள் எட்டாம் தேதி அத்தான் போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மெஷினை எடுக்க வந்த நர்ஸிடம், நான் செய்த விதத்தை வெறும் குழாயில் செய்து காட்டினேன். வாட்ச்சைப் பார்த்தாள். "அக்கா, நாப்பது செகண்டு ஆகுது. பத்தைத் தாண்டவே கூடாது" என்றாள். முப்பது வருடம் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பழகியவளடி நான். எனக்கு முட்டவே இல்லை.

நீ சொல், நம்புகிறேன். அதனாலா போனார்?

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

நான்கு தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதனாலும் இருக்கலாம். அவர் இதயம் முன்பே பலவீனம்தான், எதனால் நின்றது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், இல்லவே இல்லை என்று எழுத என்னால் முடியவில்லை. அந்த வழியைச் சொன்னது நான். யாருக்குச் சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை. உதடு நீலமாகிறது என்ற உன் கடிதத்தைப் பார்த்ததுமே போன் செய்து நிறுத்தச் சொல்லாமல் தபாலில் பதில் போட்டேன். தவறு என்னுடையது. உன்னுடையது இல்லை.

தங்கை

மே 6

தங்கைக்கு,

நான் விளக்கம் கேட்கவில்லை. "இல்லக்கா" என்று ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். அது பொய் என்று எனக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் வைத்துக்கொண்டிருப்பேன்.

உன் மேல் கோபம் இல்லை. கொஞ்ச நாள் எழுதாதே. எப்போது எழுதலாம் என்று நானே சொல்கிறேன். சொல்லாவிட்டால் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா