ராகு காலத்துக்கு முன்

பெப்ரவரி 12, புதன்

கார் இன்றைக்கும் அப்புத்தளையில் ஷுக்ரி நானாவின் கராஜில்தான். எஞ்சினின் பின்பக்கம் ஆயில் ஒழுகியதால், அங்கே வேலை செய்யும் என் தம்பி நிஷாந்த் ஓட்டோமெட்டிக் கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்றியிருக்கிறான். வெள்ளிக்கிழமை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரும்பச் சேர்ப்பானாம். அதற்குள் எல்ல டவுனில் என் வாடகை ஹயர்களை யார் யார் தட்டிக்கொண்டு போகப் போகிறார்களோ.

கட்டார் விசா வந்தும் அவன் போகாமல் இருக்கிறான். நான் கெஞ்சியதால்தான். "உன்னையும் அம்மாவையும் விட்டுட்டு எங்க போகப் போறேன் அக்கா" என்று சிரித்தான். எனக்கு அது போதும்.

பெப்ரவரி 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்கு முன் ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும் என்று உடைக்கத் தேங்காய், டயருக்கு வைக்கத் தேசிக்காயோடு காலையிலேயே போய் நின்றேன். ஷுக்ரி நானா இன்னும் வந்திருக்கவில்லை. நிஷாந்த் காருக்கு அடியில் கிடந்தான். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டவில்லை. நடுவில், இரண்டையும் இணைக்கும் கன்வேர்ட்டர் இருக்கும் இடத்தில், ஒரு விரல் இடைவெளி.

"கன்வேர்ட்டர் உள்ள முழுசா உக்காரலக்கா. மறுபடி இறக்கி, சுத்தி உக்கார வைக்கணும். கையால தள்ளுனாலே ரெண்டும் ஒட்டணும்."

நான் கேட்டேனா? மணிக்கூட்டைக் காட்டினேன். "போல்ட்டப் போட்டு முறுக்குடா, தானா இழுத்துக்கிட்டு வரும்." தயங்கினான். நான் விடவில்லை. முறுக்கினான்.

ராகு காலம் பிறக்கும் முன்பே ஸ்டார்ட் ஆனது — ஊளையிட்டுக்கொண்டு. கியரைப் போட்டும் கார் அசையவில்லை. அப்போதுதான் வந்த ஷுக்ரி நானா சத்தத்தைக் கேட்டதுமே, "கன்வேர்ட்டர் உக்காராம போல்ட்ட முறுக்கிருக்கு, உள்ள ஆயில் பம்ப் ஒடஞ்சி போச்சி" என்றார்.

கராஜில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "வேலை தெரியாதவனெல்லாம் எதுக்குடா ஸ்பேனரத் தூக்குறே?"

நான் சொல்லித்தான் முறுக்கினான் என்று அவன் வாயே திறக்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டான்.

பெப்ரவரி 15, சனி

சோறு போட்டேன். "பசிக்கல" என்றான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

நிஷாந்த் கட்டாருக்குப் போய்விட்டான். என்னிடம் "வர்றேன்" மட்டும். மன்னிச்சிடுடா என்று வாய் வரை வந்தது — ஏன் சொல்லவில்லை? அக்கா என்கிற திமிர். வேறென்ன?

"போக மாட்டேன்னு சொன்ன புள்ள, திடீர்னு ஏன்டி கெளம்புனான்?" என்று அம்மா கேட்டாள். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

"சாப்பிட்டியா" என்று அனுப்பினேன். பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடையிலிருந்து பம்ப் வந்துவிட்டது. ஷுக்ரி நானா நோன்போடு காலையிலிருந்து வேலை செய்தார். கன்வேர்ட்டரை என்னையே சுழற்றி உட்கார வைக்கச் சொன்னார். சுழற்றிக்கொண்டே தள்ளினேன். டொக்கென்று ஒரு தடவை உள்ளே இறங்கியது. பிறகு இன்னொரு தடவை. கியர்பாக்ஸை ஏற்றித் தள்ளியபோது போல்ட் போடும் முன்னாலேயே எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. தம்பி சொன்னது போலவே.

"இப்ப ராகு காலமாச்சே தங்கச்சி, பன்னெண்டு தாண்டட்டுமா?" என்று கேட்டார் நானா.

"வேணாம் நானா. அன்னைக்கு ராகு காலம்னு நான்தான் முறுக்கச் சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். நானா சாவியை என்னிடம் நீட்டினார். சாவியைத் திருப்பினேன். ஊளை இல்லை. கியரைப் போட்டதும் கார் நகர்ந்தது.

அந்த எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, தம்பிக்கு "உன் மேல தப்பே இல்லடா, என்னை மன்னிச்சிடு" என்றும் பேசி அனுப்பினேன்.

பின்னேரம் பதில் வந்தது. "சூடானப்புறம் கியர் ஆயில மறுபடி பாருக்கா." அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். ஆயில் குறைந்துதான் இருந்தது.