அப்பாவின் இடது பக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் அடித்தாலே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். என்னோடு பேசாத மனிதர், நான் பேசுவதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார். ஆமாம், எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று இன்றோடு பதினோரு நாள். உப்பு வேண்டுமென்றால் உப்பு ஜாடியைப் பார்த்து “உப்பு” என்கிறார், ஜாடி தானாக எழுந்து நடந்து வரும் என்ற நினைப்பு போலிருக்கிறது.

இந்த வருடம் பனி சீக்கிரமே கொட்ட ஆரம்பித்துவிட்டது. காலை எட்டரை மணிக்கும் தெருவிளக்கு எரிகிறது, மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடியும் ஏற்றிவிடுகிறார்கள். பனி தள்ளும் வண்டிக்காரர் தெருவில் உள்ள மொத்தக் குவியலையும் நம் வாசலில்தான் கொண்டுவந்து சேர்க்கிறார், போன ஜென்மத்துப் பகை. கீழ்வீட்டுத் தையற்காரம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார், ஒற்றைக் கையாலேயே என் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். மருமகள் பின்னி அனுப்பிய கையுறை நல்ல கதகதப்பு. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் நீளம், அதை அவளிடம் சொல்லிவைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் இரண்டு விமானம் மாறி உங்களிடம் வந்தோமே, அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். விமானம் மாறுகிற இடத்தில் அப்பா ஒரு பெட்டி வண்டியில் முட்டிக்கொண்டு, “இந்த ஊர்க்காரங்களுக்கு நடக்கவே தெரியல” என்று அவர்களையே திட்டினார். நீங்கள் கூட்டிக்கொண்டுபோன அருங்காட்சியகத்தில் கயிறு கட்டிய கம்பத்தைத் தள்ளிவிட்டார், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். முட்டியதும் தள்ளியதும் எல்லாமே இடது பக்கம். அங்கே இருந்த மூன்று வாரமும் என்னைத் தன் இடது பக்கத்திலேயே நடக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீதியில் கையைப் பிடித்து நடந்த மனிதர் இல்லையே, வெளிநாட்டுக் காற்று பட்டதும் இப்படி மாறிவிட்டாரே என்று நானும் அசடு போலப் பூரித்துப்போனேன். மருமகள் அதைப் போட்டோ வேறு எடுத்தாள். சட்டம் போட்டு அலமாரி மேல் வைத்திருந்தேன், போன வாரம் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவுக்குக் கண் பரிசோதனை வந்தது. அறுபது தாண்டிய பஸ் ஓட்டுநர்களுக்கு வருடம் ஒரு தடவை கட்டாயம், அதுவும் நான் வேலை செய்கிற அதே கண் டாக்டரம்மாவிடம். அந்த அறையை ஆறு வருடமாகத் தினமும் நான்தான் கூட்டித் துடைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். சுவரில் தொங்குகிற எழுத்து அட்டையில் எல்லோரும் விரலை வைத்துவிடுவார்கள், அதனால் மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் துடைப்பேன். துடைத்துத் துடைத்து அந்த எட்டு வரியும் எனக்குத் தூக்கத்திலும் வரும். பரிசோதனைக்கு நாலு நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “அந்த அட்டையில என்னதான் எழுதியிருக்கு, சொல்லு பார்ப்போம்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னையும் ஒருவர் பாடம் கேட்கிறாரே என்று கடகடவென்று ஒப்பித்தேன். அடுத்த நாளும் கேட்டார். மூன்றாம் நாள் அவர் சொல்ல நான் திருத்தினேன், உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது போலவே. ஏதோ பயம், பாவம், இந்த வயதில் பரிசோதனை என்றால் யாருக்குத்தான் பதற்றம் இருக்காது என்று நினைத்தேனே தவிர, எதற்காகக் கேட்கிறார் என்று என் மரமண்டையில் ஏறவில்லை. ஏறவில்லையா, ஏற விடவில்லையா என்று இப்போது யோசித்தால் எனக்கே நிச்சயமில்லை. அவர் பரிசோதனையில் தேறிவிட்டார். அன்று கேக் வாங்கிவந்து மூன்று துண்டு தின்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், வழக்கம்போல அவருடைய முதல் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன், அவருக்குப் பின்னால் முதல் இருக்கை. பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் இடது பக்கம் ஆள் உயரத்துக்குப் பனிக் குவியல், அதன் இடுக்கிலிருந்து பையை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் சாலையில் இறங்கிவிட்டாள். அங்கே ஆட்கள் கடக்கிற பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அவள் மேல் தப்பே இல்லை. பஸ் வேகம் குறையவே இல்லை. நான் கத்திய கத்தலில் அப்பா பிரேக்கை மிதித்தார். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள், “என்ன இருந்தாலும் பழைய கை, எப்படிப் பிடிச்சாரு பாருங்க” என்று பாராட்டினார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தேன், தம்பி. மொத்தப் பஸ்ஸும் இடது பக்கம் எட்டிப் பார்க்கிறது, அவர் வலது பக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், “என்னங்க, கண்ணு எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லுங்க” என்று கேட்டேன். “ரிட்டையராக இன்னும் ஒண்ணரை வருஷம்தான், ஓட்டி முடிச்சுடறேன், நீ வாயைத் திறக்காதே” என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், காதிலேயே வாங்கவில்லை. இரண்டு நாள் வேறு பஸ்ஸில் போனேன், ஆனால் அவர் பஸ்ஸில் நான் இல்லாதபோது கத்த யார் இருக்கிறார்கள் என்று நினைத்து, மறுபடியும் அதிலேயே ஏறி உட்கார்ந்தேன். ஒரு வாரம் சாலையையே பார்த்துக்கொண்டு போனேன், அவருக்கு இடது கண்ணாக. இதற்கு மேல் முடியாது என்று தோன்றிய அன்று டாக்டரம்மா கோட்டைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அட்டையை ஒப்பித்தது உட்பட. அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம், “உங்க வீட்டுக்காரர் இனிமே ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க” என்று கேட்டார். தெரியும் என்றேன்.

மறுநாளே அப்பாவைக் கூப்பிட்டு வேறு அட்டை, ஏதோ இயந்திரம், எல்லாம் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பித்துவிட்டது, காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். இப்போது பஸ் நிலையத்தில் சாவி கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, மருந்தைத்தான் தொட மாட்டேன் என்கிறார். நான் குப்பியைக் கையில் எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். என் மேல் உள்ள கோபத்தைத் தன் கண்ணின் மேல் காட்டினால் நான் என்ன செய்வேன்? காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை. நீயாவது பேசிப் பார். கை வலிக்கிறது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்று அங்கே நிறுத்தினேன். இன்று காலை நான் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து, “அன்னைக்குக் குறுக்க வந்தது யாரு?” என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன், ஜாடியிடம் இல்லை, என்னிடம்தான் கேட்டார். “ஆணா, பொண்ணா? வயசானவங்களா?” என்றார். இத்தனை நாளும் அது யாரென்றே தெரியாமல், யாரிடமும் கேட்கவும் முடியாமல் இருந்திருக்கிறார், தம்பி. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். “ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயசு இருக்கும், பச்சைத் தொப்பி. அவளுக்காகத்தான் நீங்க நிறுத்தினீங்கன்னு நினைச்சு, உங்களைப் பார்த்துக் கையை ஆட்டிட்டுப் போனா” என்றேன். “எட்டு வயசா” என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்த மருந்தைக் கொண்டா” என்று தலையை அண்ணாந்துகொண்டார். முதல் சொட்டுக் கன்னத்தில்தான் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் அண்ணாந்தார்.

இந்த நோய் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியதாம், வலி தெரியாதாம், ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பயமில்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். வேலை, கூட்டம் என்று சாக்குச் சொல்லாமல் இந்த வாரமே போய்க் காட்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. ஒவ்வொரு கண்ணையும் மூடி மூடிப் படிக்கச் சொல்வார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடு, தம்பி.

இரண்டு பேரும் நீடூழி நன்றாக இருங்கள். அப்பாவிடம் பேசும்போது பஸ்ஸைப் பற்றிக் கேட்காதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா