கொழுந்துக் கூடையின் பெயர்த் துண்டு

9.8.2003, சனி

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. காலையில் ஜெயபுரம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ராசம்மா மூன்று பிரம்புக் கூடைகள் முடித்து வைத்திருந்தார். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க முதுகில் கட்டும் கூடை, தகப்பனிடம் பழகியதாம்.

"இங்க தேயிலை ஏது? கத்தரிக்காயைத்தான் போடணும்!" சிரிப்பு.

கிளிநொச்சிக் கைப்பணி நிலையத்துக்குப் பயிற்றுநர் ஒருவரைச் செவ்வாய்க்கிழமைக் கண்காட்சியில் தெரிவு செய்கிறார்கள். கிடைத்தால் வயல் கூலிக்குப் போகத் தேவையில்லை.

"நம்மளையெல்லாம் எடுப்பாங்களா, ஐயா?"

"கையைப் பாத்துத்தான் எடுப்பினம், ஆளைப் பாத்தில்லை."

ராசம்மாவின் பெயரை நானே துண்டில் எழுதிக் கட்டினேன். சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சியில் ஒப்படைத்தாயிற்று. என்னோடு ஒரே பாடசாலையில் சித்திரம் படிப்பித்த சிவபாதம்தான் கண்காட்சிப் பொறுப்பு. கவலை இல்லை.

10.8, ஞாயிறு

வாங்க: மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப், முழங்காலுக்கு எண்ணெய்.

கண்காட்சியில் கைப்பணி பற்றி என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உதாரணம் கிடைத்துவிட்டது: ராசம்மாவின் கூடையில் முதுகு படும் பக்கம் சற்றே தட்டை. சுமக்கிறவளுக்கு நோகக்கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார். பிளாஸ்ரிக் கூடையில் அந்த நினைப்பு இல்லை.

12.8, செவ்வாய்

நல்ல சனம். கூடைகள் முன்வரிசையில். நான் கட்டிய துண்டு இல்லை. புதுத் துண்டில் சிவபாதத்தின் தங்கை மகளின் பெயர். கீழே 'வன்னியின் பாரம்பரியக் கூடை'. பயிற்றுநர் வேலையும் அவளுக்கே.

சிவபாதத்தைப் பின்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தோட்டக்காட்டாரின்ரை கூடை எண்டு வைச்சா ஆர் திரும்பிப் பாப்பினம், மாஸ்ரர்? கூடைக்கு மரியாதை வாங்கிக் குடுத்திருக்கிறன்."

"கூடைக்குச் சரி. ராசம்மாவுக்கு?"

"பிள்ளைக்கு முடையத் தெரியாது. அவா வந்து கொஞ்ச நாள் காட்டிக் குடுக்கட்டும். நீங்கள் சொன்னா வருவா."

ஒரு பிள்ளையின் விடைத்தாளில் இன்னொரு பிள்ளையின் சுட்டெண். இருவரும் எத்தனை பரீட்சைக்கு மேற்பார்வை செய்திருக்கிறோம்! தேத்தண்ணி நீட்டினார். வாங்கவில்லை. மேடைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஏறிச் சொல்லியிருக்கலாம். ஏறாமல், சொல்லாமல் வந்துவிட்டேன்.

13.8, புதன்

காற்று அடங்கவில்லை. ஜெயபுரம். ராசம்மா அடுத்த கூடைக்குப் பிரம்பு சீவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், மலையகத்தாரை இழிக்கும் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு.

"தோட்டக்காடுன்னாங்களா?" அவரே கேட்டார்.

தலையாட்டினேன். முடையப் பழக்க வரச் சொன்னதையும் சொன்னேன்.

"வேலை அவங்களுக்கு, பாடம் மட்டும் நானா? நல்லாருக்கே!"

"சிவபாதம் இப்பிடிச் செய்வார் எண்டு நான் நினைக்கேல்லை, ராசம்மா."

கத்தியைக் கீழே வைத்தார்.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. கூடையை உங்க கையிலதானே குடுத்தேன்."