பட்டி பார்த்த காயங்கள்

கீரப்பாளையம்,
தவக்காலம், ஐந்தாம் வாரம்.

அன்புள்ள மகள் ரேகாவுக்கு,

அம்மா சுகம். உன் சுகத்தை ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொன்னால் "அப்புறம் பேசறம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

இந்த ஈஸ்டருக்கும் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. குக்கர் வெடித்துக் கன்னம் வெந்ததிலிருந்து நீ ஊருக்கு வரவில்லை. நான் பெங்களூர் வருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாய். வீடியோ காலிலும் கேமராவை மூடிவிடுகிறாய். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்த முகத்தைத்தான் நான் கடைசியாகப் பார்த்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தி. காய்கறி வாங்கச் சிதம்பரம் அனுப்பினால் அல்வாவோடு வருகிறார். கேட்டால் சாமி பிரசாதம் மாதிரி கொஞ்சூண்டுதான் என்கிறார்.

நம் கோயிலில் ஒரு கூத்து. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்துவோமே, அந்த இயேசு சுரூபம் வர்ணம் உரிந்து கிடந்தது. திருப்பாதிரிப்புலியூரில் கொளஞ்சியப்பன் என்று ஒருவர், கோபுரங்களுக்கு வர்ணம் அடிப்பவர், அவரிடம் கொடுத்திருந்தார்கள். எடுத்துவரப் போன வேனில் நானும் அப்பாவும் ஏறிக்கொண்டோம். துணியை விலக்கியதும் குனிந்து தேடினேன். கையில், காலில், விலாவில், ஒரு காயம் இல்லை. எல்லாவற்றையும் பட்டி பார்த்து அடைத்து, சந்தன நிறம் பூசி, உதட்டில் சிரிப்பு வேறு வரைந்திருக்கிறார்.

அப்பா கத்த ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் சண்டைக்கு வரவில்லை. "எங்க சாமிக்கு ஒரு வெரலு ஒடைஞ்சாலே பின்னம்னு பூசைல வெக்கமாட்டாங்கம்மா. உங்க சாமிய அடிபட்டவரா பாக்க எனக்கு மனசு வரல. பிரியமாத்தான் மறைச்சேன்" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. "நாங்க முத்தம் குடுக்கறதே அந்தக் காயத்துலதாங்க. அவரப் போல அழகு இந்த ஒலகத்துல எங்களுக்கு வேற இல்ல. எங்க மேல வெச்ச ஆசைல பட்ட காயம் அது. அத எடுத்துட்டா அவரு யாரோ ஆயிடுவாரு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கொளஞ்சியப்பன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, எங்கெங்கே என்று நீங்களே காட்டுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். அவர் உளி வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கு வலிக்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் தழும்பையும் அவர் காயத்தையும் சேர்த்துப் பேச மாட்டேன். அவருக்கு நிகர் அவர்தான். உன்னுடையது குக்கர் செய்த வேலை. ஆனால் உயிர்த்து எழுந்தாரே, அப்போதாவது காயங்களை ஆற்றிக்கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? அதே கையை நீட்டித்தானே சீடர்களுக்குக் காட்டினார். அவருக்கே மறைக்கத் தோன்றவில்லை. உனக்கு என்னடி வெட்கம்?

ஊரார் பார்ப்பார்கள்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். யாராவது வாயைத் திறந்தால் அப்பா ஒருவர் போதும்.

பெரிய வெள்ளிக்கு வந்துவிடு, கண்ணு. வழியெல்லாம் ஆண்டவர் கூட வரட்டும். அவர் காயங்களுக்கு வருஷம் தவறாமல் முத்தம் கொடுத்திருக்கிறேன். உன் கன்னத்துத் தழும்புக்கு இன்னும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சவரியம்மாள்