மிளகுக்கு வந்த வெள்ளி

அக்கா, நேற்று பேத்தி கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ரோமாபுரி வெள்ளிக்காசு. ஒரு பக்கம் கூர்மூக்கு ராஜாவின் தலை. மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த பெண், கையில் ஒரு கிளை.

உங்கள் கழுத்துக் கறுப்புக் கயிற்றில் கிடந்ததும் அப்படி ஒன்றுதான். கரூர்ப் பக்கம் உங்கள் அப்பா கிணறு வெட்டியபோது கிடைத்தது. மலாயாத் தேயிலைத் தோட்டத்தில் நாம் கொழுந்து பறித்து ஓயும் நேரத்தில் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பீர்கள். நகத்தளவு வெள்ளியில் அந்தப் பெண்ணின் உடை மடிப்புகூடத் தெரியும். "நம்ம மிளகை வாங்கிட்டுக் குடுத்த காசாம். வாத்தியார் சொன்னாரு" என்று சிரிப்பீர்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் சிரிப்பு நின்றது. உங்கள் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். வெள்ளைக்கார ராஜா படம் போட்ட எதை வைத்திருந்தாலும் தலை போகும் என்று பேச்சு.

ஒரு நாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றபோது, ஒரு ஜப்பான் சிப்பாய் உங்கள் கயிற்றை அறுத்தான். காசில் தலையைக் கண்டதும் "இங்கிரிஸ்!" என்று கத்தி, உங்களைக் கன்னத்தில் அறைந்தான். துப்பாக்கிமுனைக் கத்தி உங்கள் தொண்டைக்கு வந்தது. நீங்கள் மெல்லக் கை நீட்டி, அவன் உள்ளங்கையிலேயே காசைத் திருப்பினீர்கள்.

"சாமி... அம்மன்" என்று கும்பிட்டீர்கள்.

அவன் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காசை மண்ணில் எறிந்துவிட்டு நகர்ந்தான். நீங்கள் குனிந்து அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டீர்கள்.

அடுத்த மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல். நீங்கள் தானா ராத்தா பட்டணத்துக்கு நடந்தே போய், மரைக்காயர் கடையில் அந்தக் காசைக் கொடுத்துக் கொய்னா மாத்திரை வாங்கி வந்தீர்கள்.

"ஐயோ, உங்க உசுரக் காப்பாத்தின காசாச்சே, அக்கா!"

"மிளகுக்கு வந்திச்சு, மாத்திரைக்குப் போயிருச்சு. அவ்ளோதான்லா."

அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னேன்: "அன்னைக்கு அவன் கத்தியத் தூக்கினப்போ, நான் உங்கள விட்டுத் தள்ளி நின்னுட்டேன்க்கா."

"பார்த்தேன். எனக்கு மட்டும் பயமில்லையா? முழுங்கு."

ஜப்பான்காரன் போவதற்குள் அதே காய்ச்சல் உங்களுக்கு வந்தது. மாத்திரைக்குக் கொடுத்து மாற்ற லயத்து வீடுகளில் யாரிடமும் எதுவும் இல்லை. தொற்றிக்கொள்ளும் என்று எல்லோரும் விலகினார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் உங்கள் மூச்சு அடங்கும்வரை கையை விடவில்லை.

இத்தனை வயதிலும் நான் பயந்தாங்கொள்ளிதான். யாரையாவது ஊரே விட்டு ஒதுங்கும்போது என் காலும் பின்னால் போகப் பார்க்கும். நடுங்கிக்கொண்டே ஓரடி முன்னால் வைக்கிறேன். உங்களிடம் வாங்கியதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அக்கா.