வீட்டில் ஆள் இல்லாத நேரம்

ஏங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஆறிப்போனதை அப்படியே விழுங்காமல் சுட வைத்துச் சாப்பிடுங்க.

இன்டர்நெட் பில் எகிறியதற்கு நான் சீரியல் பார்த்ததுதான் காரணம் என்று போன சீட்டில் எழுதியிருந்தீங்க. நீங்க படம் பார்த்ததுதான் என்று நானும் பதிலுக்குக் கிறுக்கி வைத்தேன். ரெண்டும் இல்லையாம். காலையில் பில்லை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தானாகவே அப்டேட்டை இறக்கியிருக்கிறதாம்.

"நீங்க சம்மதிக்காம இறங்கினதுக்கு நீங்க ஏன் கட்டணும்? சாஃப்ட்வேர் கம்பெனிதான் பொறுப்புன்னு வாதாடலாம்" என்றார். பிறகு, "ரொம்ப நேரம் யாரும் தொடாம இருந்தாத்தான் அது இறங்கும். சாயங்காலம் வீட்ல யாரு இருப்பீங்க?" என்று கேட்டார்.

"யாரும் இருக்க மாட்டோம். அவர் பிரஸ்ஸிலேருந்து வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டிக்குக் கிளம்பிடுவேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. அதையே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

தாள் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. 'சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை' என்று எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடத்தான் எனக்குக் கை வரவில்லை. நீங்க முதலில் போடுங்க.

இல்லை, நீங்களும் போட வேண்டாம். நாளைக்கு லீவு சொல்லிவிடுகிறேன். மிச்சச் சண்டையை நேரிலேயே போடலாம், சீட்டில் இடம் பத்தவில்லை.

நாளைக்குச் சாவி போட்டுத் திறக்காதீங்க. பெல் அடிங்க. நான் வந்து திறக்கிறேன்.